மரியாதை கேட்ட இசைத்தட்டு

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடிசைக் கணக்கெடுப்பு, ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ் என்று சங்கத்துக்குத் தலைக்கு மேல் வேலை கிடக்கிறது. இந்த நேரத்தில் அமெரிக்காவில் ஒரு பெண்மணி 1967-ல் பாடிய இசைத்தட்டைப் பற்றிப் பேச ஒரு மாதக் கூட்டத்தைச் செலவழிக்க வேண்டுமா என்று மூத்த தோழர்கள் இருவர் கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை. ஆனால் நம் பிள்ளைகள் தாராவிச் சந்துகளில் தமிழிலும் இந்தியிலும் ராப் பாடுகிறார்கள். கையை ஆட்டுகிறார்கள், காலை ஆட்டுகிறார்கள், நாமும் வேடிக்கை பார்க்கிறோம். அந்தப் பாட்டுக்கு ஒரு பாட்டி உண்டு. அவள் யார், எந்தச் சேரியில் பிறந்தாள், எந்த வண்டியேறி எந்த ஊருக்குப் பிழைக்கப் போனாள் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் நான் சொல்ல வந்திருக்கிறேன்.

பாடியவர் பெயர் அரீத்தா பிராங்க்ளின். இசைத்தட்டின் பெயர் ‘ஐ நெவர் லவ்ட் எ மேன் த வே ஐ லவ் யூ’. உன்னை நேசித்தது போல் வேறு எந்த ஆணையும் நான் நேசித்ததில்லை என்று பொருள். பெயரைக் கேட்டால் சினிமா டூயட் போல இருக்கும். அதில் உள்ள 11 பாட்டுகளும் ஆண் பெண் விவகாரத்தைப் பற்றியவைதான் என்று மேலோட்டமாகக் கேட்பவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தத் தட்டின் முதல் பாட்டின் பெயர் ‘ரெஸ்பெக்ட்’. மரியாதை!

அவர் கறுப்பினப் பெண். நாம் படித்த பழைய புத்தகங்களில் ‘நீக்ரோ’ என்று போட்டிருப்பார்கள். அந்தச் சொல்லை அம்மக்களே தள்ளிவிட்டார்கள், நாமும் தள்ளிவிடுவோம். மற்றவன் வைத்த பெயரைச் சுமப்பது எப்படி என்பது, இந்த ஊரில் ‘மதராசி’ என்று பெயர் வாங்கிய நமக்குத் தெரியும்.

அரீத்தாவின் தந்தை சி. எல். பிராங்க்ளின் 1915-ல் மிசிசிப்பி மாநிலத்தில் வாரத்துக்கு உழுத குடும்பத்தில் பிறந்தவர். அடிமைமுறை 1865-ல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் நிலம் பழைய எஜமானிடமே இருந்தது. விதை, கலப்பை, மாவு, உப்பு எல்லாம் அவன் கடையில் கடன். பருத்தி எடுத்து முடிந்ததும் கணக்கை அவனே எழுதுவான். கடன் தீர்ந்ததாக எழுதிய ஆண்டு அபூர்வம். நெல்லைச் சீமையிலிருந்து வந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு? கணக்கு சரியில்லை என்று வாய் திறந்தவனைக் கும்பல் கூடி மரத்தில் தொங்கவிட்டதும் உண்டு.

ஆகவே அந்த மக்கள் வண்டியேறினார்கள். 1910-க்கும் 1970-க்கும் இடையில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் தெற்கிலிருந்து வடக்குக்கும் மேற்குக்கும் போனார்கள். டெட்ராய்ட் நகரில் 1910-ல் கறுப்பின மக்கள் 6,000 பேர்கூட இல்லை. 1970-ல் ஆறரை லட்சத்துக்கு மேல். கார் தொழிற்சாலைகள் இழுத்தன. உள்ளே போனவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் வார்ப்படக் கூடம், உலை, வெப்பம், புகை. நல்ல வேலை வெள்ளைக்காரனுக்கு, நெருப்பு வேலை கறுப்பனுக்கு.

நான் ரயில்வேக்காரன். ஆகவே வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டுத்தான் மேலே போவேன். 1892-ல் லூசியானா மாநிலத்தில் ஹோமர் பிளெஸ்ஸி என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி முதல் வகுப்பு டிக்கெட் வாங்கிக்கொண்டு வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்தார். தனிப்பெட்டிச் சட்டத்தை எதிர்க்க வேண்டும் என்றே உட்கார்ந்தார். கைது செய்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. தனிப்பெட்டி வைக்கலாம், வசதி சமமாக இருந்தால் போதும் என்று 1896-ல் தீர்ப்பாயிற்று. ஒரு ரயில் பெட்டிக்குச் சொன்ன தீர்ப்பு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிதண்ணீர்க் குழாய் வரை பாய்ந்தது. நம்மூர்த் தேநீர்க் கடையின் இரட்டைக் குவளைக்கு அங்கே உச்ச நீதிமன்ற முத்திரை! பள்ளிக்கூடங்களில் அது செல்லாது என்று அதே நீதிமன்றம் சொல்ல 1954 ஆயிற்று.

அதே ரயிலில் இன்னொரு கூட்டமும் இருந்தது. புல்மன் கம்பெனியின் படுக்கைப் பெட்டிகளில் வேலை செய்த கறுப்பினப் போர்ட்டர்கள். படுக்கை விரிப்பார்கள், பூட்ஸ் துடைப்பார்கள், இரவெல்லாம் விழித்திருப்பார்கள். பயணிகள் அவர்கள் பெயரைக் கேட்பதில்லை. எல்லோருக்கும் ஒரே பெயர், ‘ஜார்ஜ்’. கம்பெனி முதலாளியின் பெயர் ஜார்ஜ் புல்மன். அடிமைக்கு எஜமானின் பெயரிட்டு அழைத்த பழைய வழக்கம் படுக்கைப் பெட்டியிலும் தொடர்ந்தது. இந்தப் போர்ட்டர்கள் 1925-ல் பிலிப் ராண்டால்ப் என்பவரைத் தலைவராக வைத்துச் சங்கம் கண்டார்கள். 12 ஆண்டுகள் கம்பெனி அதை அங்கீகரிக்கவில்லை. வேலை நீக்கம், கங்காணி வேவு, எல்லாவற்றையும் தாண்டி 1937-ல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். சிகாகோவில் அச்சான ‘டிபெண்டர்’ பத்திரிகைக் கட்டுகளை வண்டியில் வைத்துத் தெற்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர்களும் இவர்களே. வடக்கே வேலை இருக்கிறது, கூலி இருக்கிறது என்ற செய்தி பருத்திக் காட்டுக்குப் போனது அப்படித்தான்.

1941-ல் ராண்டால்ப் தலைநகரை நோக்கி ஊர்வலம் என்று அறிவித்தார். அதிபர் ரூஸ்வெல்ட் இறங்கி வந்து, போர்த் தளவாட ஆலைகளில் நிறம் பார்த்து வேலை மறுக்கக் கூடாது என்று ஆணையிட்டார். டெட்ராய்ட் ஆலைகளின் கதவு கொஞ்சம் திறந்தது. உள்ளே போன தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்த சபைகளில் ஒன்று நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் சபை. 1946-ல் அங்கே போதகராக வந்தவர் சி. எல். பிராங்க்ளின். அப்போது மகள் அரீத்தாவுக்கு வயது நான்கு. ஆக, அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு ரயில்வே தொழிற்சங்கம் இருக்கிறது என்று நான் சொன்னால் அது ரயில்வேக்காரனின் பெருமைப் பேச்சு அல்ல.

1925 என்ற ஆண்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டில்தான் ஈரோட்டில் பெரியார் ‘குடி அரசு’ தொடங்கினார். சுயமரியாதை என்ற சொல் நம் ஊர் மேடைகளில் ஏறியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நியூ பெத்தேல் சபையின் பிரசங்கம் எப்படி இருக்கும்? போதகர் பேச்சாகத் தொடங்குவார். மெல்ல மெல்லக் குரல் ஏறும். ஒரு கட்டத்தில் பேச்சு பாட்டாகிவிடும். சபை சும்மா கேட்டுக்கொண்டிராது. அவர் ஒரு அடி சொன்னால் சபை ஒரு பதில் சொல்லும். நடவு வயலில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்களே, அந்தக் கட்டுமானம். இவருடைய பிரசங்கங்கள் இசைத்தட்டாகவே வந்து விற்றன. அதற்குக் ‘காஸ்பல்’ பாட்டு துணை. அந்த வீட்டுக்கு மகாலியா ஜாக்சன், கிளாரா வார்டு போன்ற சபைப் பாடகிகளும் வருவார்கள், ஆர்ட் டேட்டம் போன்ற ஜாஸ் பியானோக்காரர்களும் வருவார்கள். குழந்தை அரீத்தா கேட்டுக் கேட்டே பியானோ பழகியவர். பத்து வயது நிறைவதற்கு முன் தாயை இழந்தார். சிறுவயதிலேயே தாயானார். 14 வயதில் அந்தச் சபையில் அவர் பாடியதைப் பதிவு செய்து தட்டாக வெளியிட்டார்கள்.

ஜாஸ் என்றால் என்ன என்று தம்பிகள் கேட்பார்கள். மெட்டு ஒன்று இருக்கும். அதை அப்படியே ஒப்பிக்காமல் அந்த நேரத்து மனதுக்கு ஏற்றபடி பிரித்து, வளைத்து, தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கியும் முந்தியும் பாடுவது, வாசிப்பது. நம் வித்துவான்கள் மனோதர்மம் என்பார்கள். சோல் என்றால் ஆன்மா. சபைப் பாட்டின் எடுப்பையும் முழக்கத்தையும் எடுத்துக்கொண்டு, ஆண்டவனுக்குப் பதிலாக அன்றாட வாழ்க்கையை, காதலை, கஷ்டத்தைப் பாடுவது. 1950-களில் ரே சார்ல்ஸ் இதை வெளிப்படையாகச் செய்தபோது சபைப் பெரியவர்கள் கொதித்தார்கள். நம் நாட்டில் காதல் பாட்டைக் கடவுளுக்குப் பாடி ஆழ்வார் பட்டம் பெற்றார்கள். அங்கே கடவுள் பாட்டைக் காதலுக்குப் பாடித் திட்டு வாங்கினார்கள். எனக்கு இரண்டாவதுதான் கூடுதல் நியாயமாகப் படுகிறது.

அரீத்தாவை 1960-ல் கொலம்பியா கம்பெனி ஒப்பந்தம் செய்தது. 18 வயது. அங்கே ஜாஸ் பாட்டுகள், நாடகப் பாட்டுகள், வயலின் கூட்டம் வைத்த மெல்லிசை என்று பாட வைத்தார்கள். ஆறு ஆண்டுகள். தட்டுகள் வந்தன, பெரிய வெற்றி இல்லை. அந்த ஆறு ஆண்டுகளும் வீண் என்றுதான் பலர் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு சொல்லைத் தாளம் விழுந்த பிறகு கொஞ்சம் தாமதித்து வைக்கிற அந்தத் துணிச்சல் ஜாஸ் கொடுத்தது. குறை வேறு இடத்தில் இருந்தது. எந்தப் பாட்டு, எந்த வேகம், பின்னால் யார் வாசிப்பது என்பதையெல்லாம் பெரும்பாலும் மற்றவர்கள் முடிவு செய்தார்கள். நல்ல கைகாரனைக் கூப்பிட்டு, நீ இப்படித்தான் பிடிக்க வேண்டும், இப்படித்தான் வெட்ட வேண்டும் என்று சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றால் என்ன வேலை நடக்கும்?

1966-ல் ஒப்பந்தம் முடிந்து அட்லாண்டிக் கம்பெனிக்கு வந்தார். அங்கே இருந்தவர் ஜெரி வெக்ஸ்லர். இவர் முன்பு பத்திரிகைக்காரர். கறுப்பின மக்கள் இசைத்தட்டுகளின் விற்பனைப் பட்டியலுக்கு அதுவரை அமெரிக்கத் தொழில் வைத்திருந்த பெயர் ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’, அதாவது இனத் தட்டுகள். 1949-ல் அதை மாற்றி ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்று வைக்கச் செய்தவர் இவர். பெயர் மாறியதால் சுரண்டல் மாறவில்லை, அது வேறு விஷயம். வெக்ஸ்லர் அரீத்தாவைப் பியானோ முன்னால் உட்காரவைத்து, உங்களுக்குத் தோன்றியபடி பாடுங்கள் என்று விட்டுவிட்டார். அவர் செய்த பெரிய காரியம் அதுதான்.

1967 ஜனவரி 24. அலபாமா மாநிலத்தில் மஸில் ஷோல்ஸ் என்ற சிற்றூரின் ஒலிப்பதிவுக் கூடம். அலபாமா எப்படிப்பட்ட மாநிலம்? 1963-ல் பர்மிங்ஹாம் நகரில் சபைக்கு வெடிகுண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்ற மாநிலம். 1965-ல் செல்மா பாலத்தில் ஓட்டுரிமை கேட்டு நடந்தவர்களை மண்டை உடைத்த மாநிலம். அங்கே போய்ப் பார்த்தால் வாத்தியக்காரர்கள் எல்லாம் வெள்ளைக்காரப் பையன்கள்! முதலில் பாட்டு பிடிபடவில்லை. ஸ்பூனர் ஓல்டம் என்பவர் மின்பியானோவில் நொண்டி நொண்டி நடப்பது போன்ற ஒரு சுரத்தைப் பிடித்தார். அதைப் பிடித்துக்கொண்டு அரீத்தா ஏறினார். சில மணி நேரத்தில் தட்டின் தலைப்புப் பாட்டு முடிந்தது. வெள்ளைக்காரத் தொழிலாளியும் கறுப்பினத் தொழிலாளியும் சேர்ந்தால் எப்படி ஒரு காரியம் நடக்கும் பாருங்கள் என்று நான் இங்கே பேச்சை நிறுத்திக் கைதட்டல் வாங்கலாம். ஆனால் அன்றே மாலை என்ன நடந்தது? குடி, ஒரு ஊதுகருவிக்காரனுக்கும் அரீத்தாவின் கணவருக்கும் வாய்த் தகராறு, இரவில் ஓட்டலில் கூடத்தின் முதலாளியோடு கைகலப்பு. யார் தொடங்கியது என்பதற்கு ஆளுக்கொரு கதை. விடிந்ததும் எல்லாம் கலைந்தது. கையில் இருந்தது முழுப் பாட்டு ஒன்று, அரைப் பாட்டு ஒன்று. மீதியை நியூயார்க்கில் செய்தார்கள். வாத்தியக்காரர்களை அலபாமாவிலிருந்து அங்கே வரவழைத்தார்கள். அரீத்தா தன் சகோதரிகள் எர்மாவையும் கரோலினையும் கோரஸ் பாடக் கூட்டி வந்தார். 11 பாட்டுகளில் நான்கில் எழுதியவர் என்று அரீத்தாவின் பெயர் இருக்கிறது. அவற்றில் இரண்டில் கரோலினின் பெயரும் உண்டு.

இப்போது ‘ரெஸ்பெக்ட்’ பாட்டுக்கு வருகிறேன். இது அரீத்தா எழுதியதல்ல. ஓடிஸ் ரெட்டிங் என்ற பாடகர் 1965-ல் எழுதிப் பாடியது. அவர் பாட்டில் வேலை முடித்துச் சம்பளத்தோடு வீட்டுக்கு வரும் ஆண் பேசுகிறான். உனக்கு எல்லாம் கொண்டுவந்து தருகிறேன், வீட்டுக்கு வந்தால் எனக்கு மரியாதை கொடு என்கிறான். தோழர்களே, அந்த ஆணை நான் குறை சொல்லமாட்டேன். நாள் முழுக்க ‘ஏய்’, ‘பையா’ என்று அழைக்கப்பட்ட கறுப்பினத் தொழிலாளி, மரியாதை கிடைக்கக்கூடிய ஒரே இடம் என்று வீட்டை நினைத்தான். மில் வாசலிலும் ஷெட்டிலும் நாள் முழுக்க வசவு வாங்கி வந்து வீட்டில் சோற்றுத் தட்டைத் தள்ளுகிற ஆணை நமக்கும் தெரியும்.

அரீத்தா அதே பாட்டை 1967 பிப்ரவரி 14-ல் பதிவு செய்தார். சொற்களில் பெரும்பகுதி அதேதான். ஆனால் பேசுகிறவள் பெண். தன்னிடமும் பணம் இருக்கிறது என்று சொல்கிற பெண். கெஞ்சவில்லை; கணக்குத் தீர்க்கச் சொல்கிறாள். ஓடிஸ் பாட்டில் இல்லாத ஒன்றையும் சேர்த்தார். இசை சட்டென்று நிற்கும். ‘ரெஸ்பெக்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் ஏழு எழுத்துகளையும் ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிச் சொல்வார். பாடம் புரியாத மாணவனுக்கு வாத்தியாரம்மா சிலேட்டில் எழுதிக் காட்டுவது போல. பின்னால் சகோதரிகள் விடாமல் பதில் கொடுக்கிறார்கள். அது நியூ பெத்தேல் சபையின் பதில்; கோரஸ் என்று சொன்னால் போதாது. தனியாக ஒருத்தி கேட்டால் அது வீட்டுச் சண்டை. மூன்று பேர் ஒரே குரலில் கேட்டால் அது கோரிக்கை. 2 நிமிடம் 27 விநாடிதான் பாட்டு. அந்த ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் முதல் இடத்துக்குப் போயிற்று. இது ஒரு பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்ட பாட்டு என்று அதே ஜூனில் ஓடிஸ் மேடையிலேயே சிரித்துக்கொண்டு சொன்னார். டிசம்பரில் விமான விபத்தில் இறந்தார், பாவம், 26 வயது.

மரியாதை என்று நான் தமிழில் சொன்னேனே, அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம் ஊரில் மரியாதை என்றால் என்ன? தோள் துண்டை இடுப்பில் கட்டுவது. செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வது. கோயில் கொடையில் பெரிய வீட்டுக்கு முதல் மரியாதை. மேலே இருப்பவனுக்குக் கீழே இருப்பவன் கட்டுகிற வரி அது. அரீத்தா கேட்பது அதுவல்ல. நம் அகராதியில் அதற்கு நெருங்கிய சொல் 1925-ல் தொடங்கிய இயக்கம் கொடுத்த சுயமரியாதை. அந்த இயக்கம் வெறும் மேடைப் பேச்சோடு நிற்கவில்லை. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய மாகாண மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. மரியாதையை அங்கே கும்பிடாக எண்ணவில்லை, சொத்தாக எண்ணினார்கள்.

அந்த இசைத்தட்டு வெளிவந்தபோது அரீத்தாவின் வீட்டில் என்ன நிலை? அவர் கணவர் டெட் ஒயிட்தான் அவருடைய மேனேஜரும். பாட்டுகள் இரண்டில் அவர் பெயரும் எழுதியவராக இருக்கிறது. அவர் பொது இடத்திலேயே மனைவியிடம் முரட்டுத்தனமாக நடந்துகொண்டார் என்று 1968-ல் ‘டைம்’ வார இதழ் எழுதியது. 1969-ல் விவாகரத்து ஆயிற்று. உலகமெல்லாம் மரியாதை என்று எழுத்துக்கூட்டிச் சொன்ன பெண்ணின் நிலை அது. தலைப்புப் பாட்டில், இவன் நல்லவனல்ல என்று தெரிந்தும் விலக முடியாமல் தவிக்கிற ஒருத்தியின் குரல் கேட்கும். ‘ரெஸ்பெக்ட்’ பாட்டை மட்டும் கேட்டுக் கைதட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தத் தட்டு பாதிதான் கேட்டிருக்கிறது என்பேன். கோபப்படுகிறவளும் தவிக்கிறவளும் ஒருத்திதான். நம் சந்தில் குழாயடியில் எல்லோரையும் அதட்டுகிற அக்கா, வீட்டுக்குள் போனதும் குரல் இறங்குவதை நாம் பார்த்ததில்லையா?

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொழிற்சங்கக்காரன் அதைச் சொல்லாமல் இறங்கமாட்டான். அரீத்தா பல ஆண்டுகள் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மேடை ஏறுவதற்கு முன் கூலியை ரொக்கமாகக் கையில் வாங்கிவிடுவார். அந்தக் கைப்பையை மேடைக்கே கொண்டுபோய்க் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்துக்கொண்டுதான் பாடுவார். பெரிய பாடகிக்கு இதென்ன அற்பத்தனம் என்று சிரித்தவர்கள் உண்டு. வாரக் கணக்கை எஜமான் எழுதிய குடும்பத்தில் வந்தவர், கறுப்பினப் பாடகர்களைக் கிளப்காரனும் தட்டுக் கம்பெனியும் ஏமாற்றியதைப் பார்த்து வளர்ந்தவர், எண்ணி வாங்கினார். முகாதமிடம் கூலி நிலுவை வைத்து இழந்த நம் கட்டடத் தொழிலாளிகள் சிரிக்கமாட்டார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். ஒரு பாட்டை அமெரிக்க வானொலி ஒலிபரப்பினால் அந்நாட்டுச் சட்டப்படி எழுதியவருக்குப் பணம் உண்டு, பாடியவருக்குக் கிடையாது. 2018 ஆகஸ்ட் 16-ல் அரீத்தா டெட்ராய்ட்டில் இறக்கும்வரை அதுதான் நிலை. வானொலியில் ‘ரெஸ்பெக்ட்’ ஒலித்த ஒவ்வொரு தடவையும் அவருக்கு வந்த பங்கு பூஜ்யம்.

பாட்டு முதலிடம் பிடித்த அடுத்த மாதம், 1967 ஜூலை 23-ல், டெட்ராய்ட் பற்றியெரிந்தது. அனுமதியில்லாத ஒரு மதுக்கூடத்தில் போலீஸ் நுழைந்ததில் தொடங்கி ஐந்து நாள். 43 பேர் செத்தார்கள். 7,000-க்கு மேற்பட்டோர் கைது. அதற்கு முன்பே அந்த மக்களின் பழைய பேட்டையை நகர நிர்வாகம் தரைமட்டமாக்கியிருந்தது. ஹேஸ்டிங்ஸ் தெரு என்று ஒரு தெரு. கடை, சபை, பாட்டுக் கூடம் எல்லாம் அங்கேதான். நியூ பெத்தேலும் அங்கேதான் இருந்தது. அகன்ற மோட்டார் சாலை போட அந்தத் தெருவையே இடித்தார்கள். சபை 1963-ல் வேறு பகுதியில் ஒரு பழைய சினிமாக் கொட்டகைக்குக் குடிபோயிற்று. ‘மறுவளர்ச்சி’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் தாய்மார்கள் வயிற்றில் புளியைக் கரைக்கிறதே, அங்கேயும் அந்தச் சொல்தான்.

1968 பிப்ரவரியில் மெம்பிஸ் நகரில் குப்பை அள்ளும் தொழிலாளர்கள் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். குப்பை லாரியின் அழுத்தும் இயந்திரத்தில் இரண்டு தொழிலாளர்கள் நசுங்கிச் செத்ததற்குப் பிறகு. மெம்பிஸ், அரீத்தா பிறந்த ஊர். அந்தத் தொழிலாளர்கள் கழுத்தில் தொங்கவிட்ட அட்டையில் கூலி எவ்வளவு என்று எழுதவில்லை. நான் ஒரு மனிதன் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். வேலைநிறுத்தம் தொடங்கி நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 16-ல், டெட்ராய்ட்டில் அரீத்தாவுக்குப் பாராட்டு விழா. மார்ட்டின் லூதர் கிங் வந்து விருது கொடுத்தார். ஏப்ரல் 4-ல் மெம்பிஸில் அந்தத் தொழிலாளர்களுக்காகப் போன இடத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே மாதம் 16-ந் தேதி நகர நிர்வாகம் சங்கத்தை ஏற்று ஒப்பந்தம் செய்தது.

இதெல்லாம் நமக்கு எட்டாத நாட்டுச் சேதி என்று நினைக்கவேண்டாம். 1946-லேயே அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுக்கும் மனுவின் பிரதி வேண்டும் என்று கேட்டார். 1972-ல் இதே நகரில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரை அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். பெயரையும் மனுவையும் வாங்கிய நாம் பாட்டை வாங்காமல் விட்டுவிட்டோம்.

தட்டின் கடைசிப் பாட்டு சாம் குக் எழுதியது. ஒரு மாற்றம் வரும் என்பது அதன் தலைப்பு. அவரும் சபையில் பாடி வளர்ந்தவர், அரீத்தா வீட்டுக்கு வேண்டியவர். 1963-ல் லூசியானாவில் ஒரு ஓட்டலில் இடமில்லை என்று விரட்டப்பட்டார். அதற்குப் பிறகு வந்த பாட்டு அது. 1964 டிசம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இறந்த நண்பரின் பாட்டை அரீத்தா எடுத்துப் பாடும்போது அவசரமே இல்லை. முதல் பாட்டில் அவ்வளவு வேகம், கடைசியில் இவ்வளவு நிதானம்.

இனி நம் சங்க விஷயம். செயற்குழுவில் 15 பேர் இருக்கிறோம். பெண் ஒருவர். சந்தா நோட்டை எடுத்துப் பார்த்தேன்; மாதம் தவறாமல் சந்தா கட்டுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து இட்லி அவித்துத் தலைச்சுமையாகக் கொண்டு போகிறவர்கள். நம் கூட்டமோ இரவு ஒன்பது மணிக்கு. அந்த நேரத்தில் அவர்கள் மாவரைக்க வேண்டும். கூப்பிட்டோம், வரவில்லை என்று நாம் நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொள்கிறோம். அரசாங்கக் கவுண்டரில் நமக்கு என்ன நடக்கிறதோ அதையே நாம் அவர்களுக்குச் செய்கிறோம். அடுத்த மாதப் பேரவைக்கு என் பெயரில் ஒரு தீர்மானம் வருகிறது. செயற்குழுவில் பாதி இடம் பெண்களுக்கு. கூட்டம் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆண் உறுப்பினர்கள் இருவர் முறைவைத்து. வழிமொழிய ஆள் வேண்டும். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம்.

தம்பி, ஸ்பீக்கரைப் போடு. முதலில் ஓடிஸ் பாடியதைப் போடு, பிறகு அரீத்தாவை. ஆங்கிலம் புரியவில்லையே என்று யாரும் எழுந்து போக வேண்டாம். எழுத்துக்கூட்டும் இடம் வரும்போது நான் கையைத் தூக்குகிறேன்.